இரவு எட்டு மணிக்கு எந்தத் தோட்டம்?

பூங்காவில் வாடகைக்கு எடுத்து மூன்று வருடம் வைத்திருந்த தோட்டப் பாத்தியைப் போன மாதம் திருப்பிக் கொடுத்தேன். ஒப்பந்தம் முடிந்துவிட்டது. கடைசி நாள் கத்தரிச் செடிகளைப் பிடுங்கி, மண்ணைக் கொத்திச் சமன்படுத்தி, பூவாளியையும் கைக்கொத்தையும் சக்கரப் பையில் போட்டு இழுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். மனசு கனமாகத்தான் இருந்தது. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அடுத்த யோசனை தொடங்கிவிட்டது. இனி எங்கே?

சிங்கப்பூரில் கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதக் கடைசி நான்கு நாளும் அடுத்த மாதத்தின் முதல் மூன்று நாளும் கணக்கு முடிக்கும் நாட்கள். அந்த ஒரு வாரம், வீட்டுக்கு வந்த பிறகும் வேலை கூடவே வரும். நாலு வருடத்துக்கு முன்னால் தூக்கம் கெட்டது. பிள்ளைகள் தண்ணீர் கேட்டால்கூட எரிந்து விழுந்தேன். அப்போதுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது. ஈசூன் வீட்டு வாசலில் துளசியும் கற்பூரவல்லியும் வைத்திருந்தார். வேலை இடத்தில் ஏதாவது மனக்கசப்பு என்றால், வந்ததும் கைப்பையை மாட்டிவிட்டு அங்கே போய் நின்று காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் அவரிடம் பேசப் போகமாட்டோம்.

சரி, நாமும் செடி வளர்ப்போம் என்று இறங்கினேன். பாத்தி எடுத்தேன். வீட்டு வாசலில் தொட்டி வைத்தேன். தோழி சேர்ந்திருந்த சமூகத் தோட்டத்தில் பல ஞாயிற்றுக்கிழமைகள் போய் வேலை செய்தேன். வேலைக் களைப்பிலிருந்து ஒதுங்க ஒரு தோட்டம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, இவற்றில் எது எப்படி என்று என் அனுபவத்திலிருந்து சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன். தரைவீடு வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு முன்னால் உள்ளவை இவைதான்: வாசல் அல்லது பால்கனி, பூங்காவில் வாடகைப் பாத்தி, புளோக்குக்குப் பக்கத்தில் சமூகத் தோட்டம், அப்புறம் எதையும் நடாமல் போய் உட்கார்ந்துவரும் பொதுத் தோட்டங்கள்.

தோட்டம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது வெயில், இடம், செலவு. காய்கறிக்காகத் தோட்டம் போடுகிறவருக்கு அது சரி. மன நிம்மதிக்காகப் போடுகிறவர் வேறு இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்பேன். அலுவலகத்தில் நொந்துபோன ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு அங்கே போக முடியுமா? பத்து நாள் போகவே முடியாவிட்டால் அந்தத் தோட்டம் என்ன ஆகும்?

இந்த முதல் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. 2011இல் நெதர்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆக்னஸ் வான் டென் பெர்க் என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளரும், தோட்டப் பாத்தி வைத்திருந்த 30 பேரை அழைத்து, முதலில் மன அழுத்தம் தரும் ஒரு பயிற்சியைச் செய்யவைத்தார்கள். அதன் பிறகு சிலர் அரை மணி நேரம் தங்கள் பாத்தியில் வேலை செய்தார்கள், மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து படித்தார்கள். அழுத்தத்தின்போது உடலில் ஏறும் கார்டிசால் இரு தரப்புக்கும் குறைந்தது. தோட்ட வேலை செய்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. கெட்டுப்போன மனநிலை முழுசாகத் திரும்பியதும் அவர்களுக்குத்தான். சின்ன ஆய்வுதான். ஆனால் அந்த அரை மணி என்ற அளவு என் மனதில் நின்றுவிட்டது. அரை மணி நேரம் போதும் என்றால், அந்த அரை மணி எனக்குத் தேவைப்படும் நாளில், தேவைப்படும் நேரத்தில் கிடைக்கவேண்டும்.

வாடகைப் பாத்தியில் என் சிக்கல் இதுதான். பாத்தி என்னவோ அருமையானது. தேசியப் பூங்காக் கழகம் 2016இல் ஹார்ட்பார்க்கில் முன்னோடியாகத் தொடங்கிய திட்டம், பிறகு பல பூங்காக்களுக்கும் பரவியது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பெட்டி மாதிரி இருக்கும். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். குலுக்கலில் பெயர் வந்தால் மூன்று வருடத்துக்குக் கிடைக்கும். நான் எடுத்தபோது ஆண்டுக்கு 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதற்கு மேல் ஜிஎஸ்டி. மாதம் ஐந்து வெள்ளிச் சொச்சம். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசில் ஒரு மாதம் முழுக்கச் சொந்த மண் என்றால் வேறு என்ன வேண்டும்?

திறந்த வெயில் வேறு. வாசலில் ஆறு மாதம் வளர்த்தும் பூக்காத வெண்டை அங்கே ஏழாவது வாரத்தில் காய்த்தது. முளைக்கீரை விதைத்து 25 நாளில் கைக்கு வந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரில் சொல்வார்கள். இங்கே அந்தக் கவலை இல்லை. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கில் இருக்கிறோம், பகலும் இரவும் வருடம் முழுக்க ஏறக்குறைய சமம். எந்த மாதத்திலும் தொடங்கலாம். நவம்பர், டிசம்பர் மழையில் மட்டும் விதைகள் அடித்துக்கொண்டு போகும், கீரை அழுகும். அப்போது மேலே ஒரு வலையைக் கட்டிவிட்டு, கத்தரி, மிளகாய் போன்ற வளர்ந்த செடிகளோடு காலம் தள்ளிவிடலாம்.

பக்கத்துப் பாத்தி அங்கிள் ஓய்வு பெற்றவர். காலையும் மாலையும் வருவார். அவருடைய சங்குப்பூக் கொடி பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. எனக்கோ போகவர ஒரு மணி நேரத்துக்கு மேல். வேலை நாளில் வீட்டுக்கு வந்து, உடை மாற்றி, மறுபடி பேருந்து பிடித்துப் போய் இருட்டில் நிற்பது நடக்கிற காரியமாக இல்லை. சனிக்கிழமைத் தோட்டமாகவே அது இருந்தது.

ஒரு மாதக் கடைசி நன்றாக நினைவிருக்கிறது. ஒன்பது நாள் போகவில்லை. பத்தாம் நாள் போனால் வெண்டைக்காய்கள் என் கையைவிட நீளம். ஒன்றின் நுனியை ஒடித்துப் பார்த்தேன். ஒடியவில்லை, நார்தான் வளைந்தது. அடுத்ததும் அப்படியே. பதினேழு காய் பறித்தேன், சமைக்க மூன்றுதான் தேறியது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க அசுவினிப் பூச்சி, அதைச் சுற்றி எறும்பு வரிசை. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாகவேண்டும், முற்றிய காயை விட்டுவைத்தால் செடி புதுசாய்க் காய்ப்பதை நிறுத்திவிடும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் வர முடியவில்லை. அலுவலகத்தில் பார்க்காமல் விட்ட பட்டியலைப் பார்க்கும்போது வயிற்றில் ஒரு பிடிப்பு வருமே, அதே பிடிப்பு அந்தப் பாத்தி முன்னால் நின்றபோதும் வந்தது. எதிலிருந்து ஒதுங்க வந்தேனோ அது எனக்கு முன்னாலேயே வந்து நின்றது போல இருந்தது.

அதனால் பாத்தி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பூங்காவுக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பவர், ஷிப்ட் வேலையில் பகல் ஓய்வு கிடைப்பவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், இவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. பெயர் வந்தால் விடாதீர்கள். ஒன்றே ஒன்று கவனிக்கவேண்டும்: பறிக்கப் பறிக்கக் காய்க்கும் செடிகளை ஒரு மூலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எலுமிச்சைப் புல், மஞ்சள், சர்க்கரைவள்ளி, பாண்டான் எல்லாம் இரண்டு வாரம் ஆளில்லாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. இதை நான் மூன்றாம் வருடத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

சமூகத் தோட்டத்துக்கு வருவோம். 2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய திட்டம், இன்று தீவு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. உங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் வேலி போட்டு, உள்ளே பப்பாளியும் கங்கோங் கீரையும் தெரிகிற இடம் இருந்தால் பெரும்பாலும் அதுதான். வசிப்போர் குழு மூலமாகவோ, உள்ளே வேலை செய்துகொண்டிருப்பவரிடம் நேரே கேட்டோ சேரலாம். சில இடங்களில் ஆளுக்கொரு துண்டு நிலம் தருவார்கள், சில இடங்களில் எல்லாம் பொது.

தோழியின் தோட்டம் தோ பாயோவில். எல்லாம் பொது என்ற வகை. இரண்டாவது கேள்வியில் இது எல்லாவற்றையும் மிஞ்சும். நீங்கள் ஒரு மாதம் வராவிட்டாலும் செடி சாகாது, யாராவது தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். கற்றுக்கொள்ளவும் இதைவிட நல்ல இடமில்லை. லக்சா இலையைக் கிள்ளி ஒரு குவளைத் தண்ணீரில் போட்டால் நாலு நாளில் வேர் விடும் என்று எனக்குக் காட்டியவர் அங்கே வரும் ஒரு மாக்சிக், அதாவது மலாய் ஆன்ட்டி. கறிவேப்பிலையை நுனி கிள்ளிக் கிள்ளி அடர்த்தியாக்குவது எப்படி என்று நான் அவருக்குக் காட்டினேன். அவருக்கு மலாய், எனக்குத் தமிழ், இடையில் கொஞ்சம் ஆங்கிலம். கையால் செய்து காட்டுவதற்கு மொழி பெரிய தடையாக இருக்கவில்லை.

ஆனால் உங்கள் களைப்பு எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கத் திரையோடு தனியாக வேலை செய்து பேச ஆளில்லாமல் வாடுகிறவருக்குச் சமூகத் தோட்டம் மருந்து. நாள் முழுக்க மனிதர்களைச் சமாளித்துவிட்டு வருகிறவருக்கு, அதாவது தாதியர், ஆசிரியர், வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்கள், அங்கேயும் பேச்சு, முறைவைத்து வேலை, வாட்ஸ்அப் குழுவில் ஐம்பது செய்தி என்றால் பாரம் கூடும். தோழி பேச்சுப் பிரியை, வங்கியில் கணினிப் பிரிவில் தனியாக உட்கார்ந்திருப்பவள். அவளுக்குப் பொருந்தியது. எனக்கு மாதம் ஒரு ஞாயிறு போதுமாக இருந்தது. வேலியைப் பூட்டி வைக்கும் தோட்டங்களும் உண்டு. சாவி யாரிடம், இரவில் திறப்பார்களா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பொதுத் தோட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவற்றை எல்லோருக்கும் தெரியும். 1859இல் தொடங்கி, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமான தாவரவியல் பூங்கா காலை ஐந்திலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. மன நலத்தை மனதில் வைத்தே வடிவமைத்த சிகிச்சைத் தோட்டங்களும் இருக்கின்றன. முதலாவது 2016இல் ஹார்ட்பார்க்கில் வந்தது, பிறகு தியோங் பாரு, சுவா சூ காங், ஜூரோங் லேக் என்று பெருகின. பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போக அருமையான இடங்கள். ஆனால் அங்கே ஓர் இலையைக் கிள்ளக்கூடாது. என் மாதிரி ஆளுக்குக் கை மண்ணில் படவேண்டும். பார்த்தாலே போதும் என்பவர்கள் வேறு எதற்கும் மெனக்கெட வேண்டியதில்லை, இதுவே நிறைவான தேர்வு.

இனி வீட்டு வாசல். நாலு வருடமும் இதை நான் இரண்டாம் தாரமாகத்தான் நடத்தினேன். பாத்திதான் தோட்டம், வாசலில் இருப்பது நாலு தொட்டி என்று நினைப்பு. பாத்தியைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு உட்கார்ந்து யோசித்தால், இரவில் என்னைத் தூங்கவைத்தது அந்த நாலு தொட்டிதான் என்று தெரிகிறது.

கட்டுப்பாடுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தாழ்வாரம் பொதுச் சொத்து. தீ விபத்து என்றால் ஆட்கள் ஓடவும் தூக்குப் படுக்கை போகவும் 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்கவேண்டும். அளவு நாடாவை எடுத்து அளந்துவிட்டு அப்புறம் தொட்டி வாங்குங்கள். புதிய வீடுகள் பலவற்றில் தாழ்வாரம் குட்டையாக இருக்கும், நாலு வீட்டுக்கு நடுவில் ஒரு முற்றம்போல. அங்கே பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைப்பதுதான் முறை. கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்கவே வைக்காதீர்கள். ஒரு காற்றுக்குப் பத்தாவது மாடியிலிருந்து விழுந்தால் கீழே போகிறவர் உயிர் போகும்.

கொசு இன்னொன்று. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழே நாள் போதும். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தேங்கும் தண்ணீர், இறுகிப்போன மண்மேல் நிற்கும் தண்ணீர் இரண்டும் அதற்குப் பிடித்த இடங்கள். வாரம் ஒருமுறை போகும் பாத்தியைவிட வாசல் இந்த விஷயத்தில் எளிது, தினமும் கண்ணில் படுகிறது. நான் தட்டைக் கவிழ்ப்பதையும் மேல்மண்ணைக் கிளறுவதையும் தண்ணீர் ஊற்றும் வேலையோடு சேர்த்துவிட்டேன். தனி வேலையாக வைத்தால் களைத்த நாளில் மறந்துபோகும்.

வெயிலைப் பற்றி ஒரு விஷயம். சூரியன் ஜூன் மாதவாக்கில் நமக்கு வடக்கே சாய்ந்தும் டிசம்பரில் தெற்கே சாய்ந்தும் போகிறது. அதனால் வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஜூனில் நன்றாக வெயில் விழும், டிசம்பரில் ஒன்றும் விழாது. தெற்குப் பார்த்ததற்கு இது தலைகீழ். ஜூனில் மல்லிகை வாங்கி வைத்து, டிசம்பரில் அது சோர்ந்ததும் தன் கை ராசியில்லை என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். கை ராசியில் ஒன்றுமில்லை, தொட்டியை இடம் மாற்றியிருந்தால் போதும். எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது. காலை எட்டிலிருந்து பதினொன்றரை வரை வெயில், அவ்வளவுதான். குண்டுமல்லிக்கு அது குறைச்சல். பூ குறைவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது.

அப்புறம், நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்ட ஒன்று. இங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணிவாக்கில் உதித்து ஏழு மணிவாக்கில் மறைகிறது. அலுவலகம் போகிறவர் தன் தோட்டத்தை வேலை நாளில் பார்ப்பது இருட்டில்தான். நர்சரியில் பகலில் நின்று, நிறத்தைப் பார்த்துப் பூச்செடி வாங்கி வருகிறோம். இரவு எட்டு மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் செம்பருத்தி சுருங்கிக் கிடக்கும், போகன்வில்லாவின் நிறம் வெளுத்துத் தெரியும். அந்த நேரத்துக்குத் தகுந்த செடி எது என்று பார்க்கவேண்டும். மல்லி மொட்டு பொழுது சாய்ந்த பிறகுதான் அவிழும். மின்தூக்கியிலிருந்து வெளியே வந்து நாலு எட்டு வைப்பதற்குள் மணம் வந்துவிடும், கதவைத் திறப்பதற்கு முன்பே. கற்பூரவல்லி, துளசி, பாண்டான் மூன்றும் கை பட்டால் மணக்கும். பாண்டானும் வெற்றிலையும் நிழலையும் தாங்கும். வெயிலே இல்லாத வாசல் என்றால் மணி பிளாண்ட்டும் பேர்ட்ஸ் நெஸ்ட் ஃபெர்னும் வையுங்கள், தடவித் துடைக்க இலையாவது இருக்கும்.

இரவு வேலைக்கு மாவுப்பூச்சி துடைப்பதைப் போல் ஒன்றை நான் கண்டதில்லை. விநோதமாகத் தோன்றலாம். கறிவேப்பிலைக் காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் ரெண்டு சொட்டு விட்ட தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒவ்வோர் இடுக்காகத் துடைத்துக்கொண்டே மேலே போகவேண்டும். இலையைத் திருப்பும்போதெல்லாம் கறிவேப்பிலை வாசம் விரலில் ஏறும். ஒரு செடி முடிக்க இருபது நிமிடம். இந்த வேலைக்குத் தொடக்கம் இருக்கிறது, முடிவு இருக்கிறது, யாருக்கும் பதில் எழுதவேண்டியதில்லை. துடைத்து முடிக்கும்போது, அன்று மதியம் மேலாளர் அனுப்பிய செய்தியின் வாசகம் தலைக்குள் ஓடுவது நின்றிருக்கும்.

வாசலின் குறையையும் மறைக்கக்கூடாது. ஒரு குடும்பத்துக்குக் காய்கறி கிடைக்காது. இடம் தீர்ந்துவிடும். கை அரித்து ஒவ்வொன்றாக வாங்கி, பதினான்கு தொட்டி வரை போனேன் ஒரு காலத்தில். அப்போது அதுவும் தினசரிக் கடமையாகிவிட்டது. களைப்புக்காக வைப்பவர் அரை மணியில் பார்த்து முடிக்கும் அளவோடு நிற்கவேண்டும். எனக்கு அது ஆறு தொட்டி. பத்து நாள் ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி இரண்டு நாளைக்கொரு தடவை தண்ணீர் ஊற்ற ஆறு என்றால் மனமுவந்து சம்மதிப்பார். பதினான்கு என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை.

ஆக, நான் முடிவெடுத்துவிட்டேன். மகளுக்கு இந்த வருடம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, கணக்கு முடிக்கும் வாரங்களும் குறையப்போவதில்லை. பாத்திக் குலுக்கலுக்கு இப்போதைக்குப் பெயர் கொடுக்கவில்லை. தோ பாயோவுக்கு மாதம் ஒரு ஞாயிறு போவேன். வாசலில் மல்லி இரண்டு, கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி, பாண்டான். பால்கனி உள்ளவர்களும் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். அங்கே மழைத் தண்ணீர் கீழ்வீட்டுத் துணிமேல் சொட்டாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் கூடுதல் வேலை.

பாத்தி ஓரத்தில் ஆசைப்பட்டு ஒரு முருங்கைக் கொம்பு ஊன்றியிருந்தேன். மூன்று வருட ஒப்பந்தத்துக்கு அது ஏற்ற செடியல்ல என்று தெரிந்தும் வைத்தது. கடைசி நாள் அதை வெட்டி, முழங்கை நீளத்தில் மூன்று துண்டாக்கி, நனைத்த செய்தித்தாளில் சுற்றித் தோழியிடம் கொடுத்தேன். சமூகத் தோட்டத்தின் வேலியோரம் நட்டிருக்கிறாள். ஒன்று துளிர்த்துவிட்டதாக நேற்று படம் அனுப்பினாள்.